கருமுட்டையின் வயதும் ஆன்டிஆக்ஸிடன்ட் உணவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைப்பேற்றுக்காகச் சிகிச்சைக்கு வரும் பெண்களுக்கு உணவு ஆலோசனை சொல்லும் பணியில் இருப்பதால், நெல்லிக்காய் முதல் கோஎன்சைம் கியூ10 வரை ஒரே சந்தேகங்களைப் பல குரல்களில் கேட்டு வருகிறேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எண்ணிட்டு இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் மூன்று பதில்களைப் படித்துவிட்டால் பின்னால் வருபவை எளிதில் விளங்கும்.

1. எனக்கு 34 வயசு. என் கருமுட்டைக்கும் 34 வயசுன்னு சொல்றாங்களே, மாசாமாசம் புதுசா உருவாகாதா?

உருவாகாது. ஆணின் உடலில் பருவ வயது முதல் விந்தணுக்கள் தொடர்ந்து உற்பத்தியாகின்றன; பெண்ணின் கருமுட்டைகளோ அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி முடிந்துவிடுகின்றன. ஐந்தாம் மாதக் கருவில் சுமார் 60 முதல் 70 இலட்சம் வரை இருக்கும் முட்டைச் செல்கள், பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சமாகவும், பூப்பெய்தும் வயதில் மூன்று அல்லது நான்கு இலட்சமாகவும் குறைந்துவிடுகின்றன. வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படுபவை சுமார் 400 முதல் 500 வரைதான். மற்றவை தாமாகவே சிதைந்து மறைகின்றன. கருத்தடை மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் கர்ப்பமாக இருந்த மாதங்களிலும் இந்தக் குறைவு நிற்பதில்லை.

எண்ணிக்கையோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கருமுட்டையும் தன் செல் பிரிவைத் தொடங்கி, பாதியில் நிறுத்திய நிலையில்தான் பிறவியிலிருந்தே காத்திருக்கிறது. வெளிப்படுவதற்குச் சற்று முன்புதான் அந்தப் பிரிவு மீண்டும் தொடர்கிறது. எனவே உங்களுடைய இந்த மாதத்துக் கருமுட்டை 34 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த ஒன்று. அந்தக் காத்திருப்பில் நேரும் தேய்மானத்தைத்தான் ‘முட்டையின் தரம் குறைகிறது’ என்று மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

2. ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன? அதற்கும் கருமுட்டைக்கும் என்ன சம்பந்தம்?

உணவிலிருந்து ஆற்றலை எடுப்பதற்கு உடலின் செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்துகின்றன. அந்த வேலை நடக்கும்போது சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, எளிதில் வினைபுரியக்கூடிய பொருட்கள் சிறிதளவு வெளிப்படுகின்றன. இவை அளவுக்கு மீறினால் செல்லின் கொழுப்புச் சவ்வையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் சிதைக்கும். இவற்றைத் தணிப்பவை ஆன்டிஆக்ஸிடன்ட்கள். அவற்றில் பெரும்பங்கை நம் உடலே தயாரித்துக்கொள்கிறது: சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் போன்ற நொதிகளும் குளூட்டாதயோனும் அப்படிப்பட்டவை. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கரோட்டினாய்டுகள், செடிகளில் உள்ள பாலிஃபீனால்கள் ஆகியவை உணவிலிருந்து வருகின்றன.

செல்லுக்குள் ஆற்றலை உற்பத்தி செய்யும் பகுதி மைட்டோகாண்ட்ரியா. முதிர்ந்த கருமுட்டை ஒன்றில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மைட்டோகாண்ட்ரியாக்கள் இருக்கின்றன. உடலின் வேறெந்தச் செல்லிலும் இந்த அளவு கிடையாது. வயது கூடக்கூட இவற்றின் திறன் குறைகிறது, சினைப்பையில் மேற்சொன்ன நொதிகளின் காவலும் தளர்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் கருமுட்டையின் முதுமை மெதுவாகுமா என்ற கேள்வி ஆய்வாளர்களிடையே எழுந்ததற்குக் காரணம் இதுதான். கேள்வி நியாயமானது, ஆனால் நியாயமான கேள்வி என்பதாலேயே விடை ‘ஆம்’ என்று ஆகிவிடாது.

3. அப்படியானால் வயதால் முட்டை கெடுவதற்கு இந்த ஆக்ஸிஜன் பாதிப்புதான் முழுக் காரணமா?

இல்லை, ஒரு பகுதிக் காரணம் மட்டுமே. முதுமைக்கு இத்தகைய வினைப்பொருட்களே அடிப்படை என்ற கோட்பாட்டை அமெரிக்க ஆய்வாளர் டென்ஹாம் ஹார்மன் 1956-இல் முன்வைத்தார். பிறகு வந்த பல பத்தாண்டு ஆய்வுகள் அந்தச் சித்திரம் அவ்வளவு எளியதல்ல என்று காட்டிவிட்டன. கருமுட்டையைப் பொறுத்தவரை மிகப் பெரிய சிக்கல் குரோமோசோம்களில் இருக்கிறது. குரோமோசோம்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் கோஹீசின் என்ற புரதம் கருவிலேயே பொருத்தப்பட்டுவிடுகிறது. பின்னர் தேய்ந்துபோனால் அது போதிய அளவு புதுப்பிக்கப்படுவதில்லை. அதனால் செல் பிரிவு மீண்டும் தொடரும்போது குரோமோசோம்கள் சரியாகப் பங்கிடப்படாமல், ஒன்று கூடியோ குறைந்தோ போகின்றன. முப்பதுகளின் நடுவில் இத்தகைய பிழை வேகமாகக் கூடத் தொடங்குகிறது. நாற்பதுகளின் தொடக்கத்தில், ஆய்வகத்தில் பரிசோதிக்கப்படும் கருக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அது காணப்படுகிறது. கருத்தரிக்காமல் போவதற்கும், கருவுற்ற சில வாரங்களில் கலைந்துபோவதற்கும் இதுவே முதன்மைக் காரணம்.

ஆக்ஸிஜன் பாதிப்பு இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தலாம் என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் இருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே தேய்ந்துவிட்ட பிணைப்பை எந்த உணவும் எந்த மாத்திரையும் திரும்பக் கட்டித் தருவதில்லை.

4. தினமும் நெல்லிக்காய் ஜூஸ் குடிச்சா ஏ.எம்.எச். கூடுமா? எனக்கு ரொம்பக் கம்மியா இருக்கு.

கூடும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஏ.எம்.எச். என்பது சினைப்பையில் வளரத் தொடங்கியிருக்கும் சிறு முட்டைப்பைகள் சுரக்கும் ஹார்மோன்; எஞ்சியிருக்கும் முட்டைகளின் எண்ணிக்கையைத் தோராயமாகச் சொல்வது. அந்தக் கையிருப்பை நிரப்ப வழியில்லை என்பதை முதல் பதிலில் பார்த்தோம். ஒரே பெண்ணுக்கே இரண்டு முறை எடுத்த பரிசோதனைகளில் அளவு சற்று மாறுபடலாம். இடைப்பட்ட காலத்தில் குடித்த சாற்றுக்கு அந்த மாற்றத்தின் பெருமை போய்ச் சேர்ந்துவிடுவதைத்தான் அடிக்கடி காண்கிறேன்.

ஆனால் உங்கள் அச்சத்தைக் குறைக்கும் ஒரு செய்தியும் உண்டு. ஏ.எம்.எச். முட்டையின் தரத்தைச் சொல்வதில்லை. கருத்தரிப்பில் சிக்கல் இருந்த வரலாறு இல்லாத, 30 முதல் 44 வயது வரையுள்ள பெண்களைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஏ.எம்.எச். குறைவாக இருந்தவர்களுக்கும் இயல்பாக இருந்தவர்களுக்கும் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சையில் ஒரே சுற்றில் எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்று கணிப்பதற்குத்தான் அந்த எண் மிகவும் பயன்படுகிறது.

5. எந்த உணவில் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம்? வரிசையாக ஒரு பட்டியல் கொடுங்களேன்.

அப்படி ஒரு தரவரிசை முன்பு இருந்தது. உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைச் சோதனைக் குழாயில் அளந்து, ‘ஓராக்’ மதிப்பு என்ற பெயரில் அமெரிக்க வேளாண் துறை ஓர் அட்டவணை வெளியிட்டிருந்தது. குழாயில் காட்டும் திறனுக்கும் மனித உடலில் கிடைக்கும் பயனுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதாலும், வணிக நிறுவனங்கள் அந்த எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதாலும், 2012-இல் அதை அத்துறையே திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்றும் பல டப்பாக்களின் மேல் அந்த எண்களைக் காணலாம், பொருட்படுத்த வேண்டாம்.

பட்டியலுக்குப் பதிலாக நடைமுறை ஒன்றைச் சொல்கிறேன். நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பெண்களுக்குப் பரிந்துரைத்த அளவோ நாளொன்றுக்கு 65 மில்லிகிராம்தான். ஒரு சிறிய கொய்யாவே போதும் என்பதால், வெளிநாட்டு பெர்ரி வகைகளை விலை கொடுத்துத் தேட வேண்டியதில்லை. முருங்கைக்கீரை, அரைக்கீரை, தக்காளி, கேரட் போன்றவற்றில் உள்ள கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைபவை. சிறிது எண்ணெய் விட்டுச் சமைத்தால் அவை உடலில் நன்கு சேரும். வைட்டமின் சி வெப்பத்தில் அழிவது, எனவே அதைப் பச்சையாக உண்ணும் பழத்திலிருந்து பெறுவது நல்லது. வேர்க்கடலை, சூரியகாந்தி விதை, பாதாம் ஆகியவற்றில் வைட்டமின் ஈ இருக்கிறது.

இவற்றைவிட அவசரமான ஒன்று நம் ஊரில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. ஆன்டிஆக்ஸிடன்டுக்காகச் சாப்பாட்டோடு கிரீன் டீ குடிக்கும் பெண்ணுக்கு, அந்தத் தேநீரே உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

6. பப்பாளியும் எள்ளும் சூடு, குழந்தைக்கு முயற்சி பண்றப்போ தொடவே கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. ஆனா அதுலதானே சத்து இருக்கு?

இரண்டுமே ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தவைதான்: பப்பாளியில் வைட்டமின் சியும் கரோட்டினாய்டுகளும், எள்ளில் செசமின் போன்ற லிக்னன்களும் இருக்கின்றன. பப்பாளி குறித்த அச்சத்துக்கு ஓரளவு அடிப்படை உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளிடம் சோதித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், காயின் பாலில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை காணப்பட்டது. நன்கு பழுத்த பழத்தால் கருவுக்குத் தீங்கு காணப்படவில்லை. எனவே பப்பாளிக் காயையும் செங்காயையும் தவிர்ப்பது சரி, பழுத்த பழத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. இட்லிப் பொடியிலும் சமையலிலும் சேரும் அளவு எள்ளும் நல்லெண்ணெயும் கருத்தரிப்பைத் தடுப்பதற்குச் சான்று இல்லை.

மாமியாரிடம் வாதாடிச் சாப்பிட்டே ஆக வேண்டிய பொருட்கள் அல்ல இவை. பப்பாளியின் வைட்டமின் சி கொய்யாவிலும், கரோட்டினாய்டுகள் கீரையிலும் கிடைத்துவிடும்.

7. மஞ்சளோடு மிளகு சேர்த்தால் இருபது மடங்கு பலன் என்கிறார்களே, உண்மையா?

அந்த ‘இருபது மடங்கு’ வந்த இடம் பெங்களூரு. அங்குள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளை 2 கிராம் எடுத்து, அதனுடன் 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரப்பொருள், சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த குர்குமினின் அளவு 2000 சதவீதம் கூடியது. ஆனால் இருபது மடங்கு கூடியது உடலில் சேர்ந்த அளவுதான், பலன் அல்ல. தனியாகக் கொடுக்கும்போது மிக அற்பமாகவே சேரும் பொருள் அது. மேலும், மஞ்சள்தூளின் எடையில் சில சதவீதம் மட்டுமே குர்குமின் என்பதால், ஒரு தேக்கரண்டி மஞ்சளில் கிடைப்பது சுமார் 100 மில்லிகிராம். ஆய்வில் கொடுத்ததில் இருபதில் ஒரு பங்கு.

சமையலில் சேர்க்கும் மஞ்சளைத் தாராளமாகத் தொடருங்கள். பைப்பரின் சேர்ந்த குர்குமின் மாத்திரைகள் வேறு கணக்கு: அவற்றால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, பைப்பரின் மற்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் மாற்றக்கூடும்.

8. ரெஸ்வெரட்ரால் கொடுத்ததில் வயதான எலிகள் குட்டி போட்டதாகப் படித்தேன். மனிதர்களுக்கும் அப்படித்தானே?

படித்தது சரி. திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ராலை நீண்ட காலம் கொடுத்த சுண்டெலிகள், அதே வயதுடைய மற்றவை ஈனும் திறனை இழந்துவிட்ட பிறகும் ஈன்றதாக 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. கோதுமை மணியின் முளைப்பகுதி, சோயா முதலியவற்றில் உள்ள ஸ்பெர்மிடின் வயதான சுண்டெலிகளின் கருமுட்டைத் தரத்தை மேம்படுத்தியதாக 2023-இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இவை நேர்த்தியான ஆய்வுகள்தாம். ஆனால் சுண்டெலியின் கருமுட்டை காத்திருப்பது மாதக் கணக்கில், பெண்ணின் கருமுட்டை காத்திருப்பது பத்தாண்டுக் கணக்கில். கோஹீசின் தேய்வது போன்ற நீண்ட காலப் பாதிப்பு இரண்டிலும் ஒரே அளவில் இருக்க முடியாது.

ரெஸ்வெரட்ராலில் இன்னொரு சிக்கலும் உண்டு. கருவை ஏற்றுக்கொள்வதற்காகக் கருப்பையின் உட்சவ்வு அடையும் மாற்றத்தை அது தடுப்பதாக ஆய்வகத்தில் தெரியவந்தது. கருப்பையில் கரு வைக்கும் சிகிச்சையின்போது இதை எடுத்துக்கொண்டவர்களின் பழைய பதிவுகளை ஜப்பானில் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டதில், கருத்தரித்தவர்கள் குறைவாகவும் கருச்சிதைவு அதிகமாகவும் இருந்தன. முட்டைக்கு நல்லதாகத் தோன்றும் பொருள் கருப்பைக்கு நல்லதாக இல்லாமல் போகலாம் என்பதால், இதை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். திராட்சைப் பழத்தில் இருப்பது மிகச் சிறிய அளவு, அதைப் பற்றிக் கவலை தேவையில்லை.

9. கோஎன்சைம் கியூ10 எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விலை அதிகம். உண்மையிலேயே வேலை செய்யுமா?

மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் உற்பத்தி செய்யும்போது இடையில் நின்று உதவும் பொருள் இது. இரண்டாம் பதிலில் சொன்ன காரணத்தால், இந்தத் துறையில் மற்றவற்றைவிட இதற்கே தர்க்க வலிமை அதிகம். சீனாவில் நடந்து 2018-இல் வெளியான சோதனையில், முட்டைக் கையிருப்பு குறைந்த 35 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு ஐ.வி.எஃப்.புக்கு முன் 60 நாட்கள், தினமும் 600 மில்லிகிராம் வீதம் கொடுத்தார்கள். கிடைத்த முட்டைகளும் தரமான கருக்களும் கூடின. குழந்தை பிறந்த விகிதத்தில் தெரிந்த வேறுபாடு, தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. 35 முதல் 43 வயது வரையுள்ளவர்களிடம் கனடாவில் நடந்து 2014-இல் வெளியான சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. அதில் சேர்ந்திருந்த 39 பேரைக் கொண்டு குரோமோசோம் பிழை குறைந்ததா என்று முடிவு கட்ட இயலவில்லை.

ஆகவே ‘வேலை செய்யக்கூடும், நிறுவப்படவில்லை’ என்பதுதான் இன்றைய நிலை. பொதுவாகப் பெரிய பக்கவிளைவு இல்லாதது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கடன் வாங்கி இதைச் சாப்பிட வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். சாதாரண உணவிலிருந்து நாளொன்றுக்குச் சில மில்லிகிராம்தான் கிடைக்கிறது, எனவே 600 மில்லிகிராமை ‘இயற்கை’ என்று விளம்பரம் செய்வதும் பொருந்தாது.

10. ஏன் எல்லாரும் மூணு மாசம் சாப்பிடுங்கன்னே சொல்றாங்க?

உறங்கிக் கிடக்கும் முட்டைப்பை விழித்து முழுதாக வளர பல மாதங்கள் ஆகின்றன. அதில் கடைசி வேகமான வளர்ச்சிக் கட்டம் ஏறத்தாழ 85 நாட்கள். உணவும் மருந்தும் அதிகம் எட்டக்கூடிய காலம் அதுதான் என்ற எண்ணத்தில் மூன்று மாதக் கணக்கு வந்தது. உடலியல்படி பொருத்தமான ஊகம்.

11. இயற்கைப் பொருள்தானே, கூடுதலாக எடுத்தால் என்ன கெட்டுவிடும்?

கெட்டுவிட்ட வரலாறு இருக்கிறது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாக, நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குக் கொடுத்தார்கள். 29,133 பேர் பங்கேற்ற அந்தச் சோதனையின் முடிவு 1994-இல் வந்தபோது, நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் 18 சதவீதம் கூடியிருந்தது. கிரீன் டீ சாறு மாத்திரைகளில் உள்ள இ.ஜி.சி.ஜி. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமை எட்டினால் கல்லீரல் பாதிப்புக்கான அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ நாளொன்றுக்கு 10,000 யூனிட்டைத் தாண்டினால் கருவிலேயே குழந்தைக்குக் குறைபாடு ஏற்படலாம். கருத்தரிக்க முயலும் பெண்கள் மாத்திரை டப்பாவில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இந்தத் தலைப்புக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாம் பதிலில் ‘சிதைக்கும்’ என்று சொன்ன அதே வினைப்பொருட்கள் கருமுட்டை வெளிப்படுவதற்குத் தேவைப்படுகின்றன. இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் கழக ஆய்வாளர்கள் சுண்டெலிகளின் சினைப்பையைச் சூழ்ந்த பகுதியில் ஆன்டிஆக்ஸிடன்ட்களைச் செலுத்தியபோது, முட்டை வெளிப்படுவது வெகுவாகக் குறைந்ததாக 2011-இல் காட்டினார்கள். முற்றிலும் துடைத்தெறிய வேண்டிய எதிரி என்று அவற்றைக் கருதுவது தவறு.

12. தனித்தனி ஆய்வு வேண்டாம், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட திறனாய்வு, கருத்தரிப்பில் சிரமம் உள்ள 7,760 பெண்கள் பங்கேற்ற 63 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் எடுத்தவர்களிடம் குழந்தைப்பேறு சற்றுக் கூடியதுபோல் தோன்றினாலும், சான்றின் தரம் மிகத் தாழ்வாக இருப்பதால் உறுதியாக எதையும் சொல்ல இயலாது என்பதே அதன் முடிவு. சோதனைகள் சிறியவை, மருந்துகள் வேறுவேறு, பலவற்றில் குழந்தை பிறந்ததா என்ற தகவலே இல்லை.

மாத்திரைகளை விட்டு உணவு முறையைப் பார்த்தால் கொஞ்சம் நம்பிக்கையும் ஓர் எச்சரிக்கையும் கிடைக்கின்றன. கிரேக்கத்தில் 244 பெண்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், காய்கறி, பழம், பருப்பு வகை, மீன், ஆலிவ் எண்ணெய் அடங்கிய உணவை நெருக்கமாகப் பின்பற்றியவர்களுக்கு ஐ.வி.எஃப். வெற்றி அதிகமாக இருந்தது. அந்தத் தொடர்பு 35 வயதுக்குட்பட்டவர்களிடம்தான் தெரிந்தது; அதற்கு மேற்பட்டவர்களிடம் தெரியவில்லை. உணவின் உதவியை யார் அதிகம் எதிர்பார்க்கிறார்களோ, அவர்களிடம்தான் அது குறைவாக இருக்கிறது.

13. அம்மாவுக்கு 42 வயசுலயே தீட்டு நின்னுடுச்சு. எனக்கும் அப்படி ஆகாம உணவால தள்ளிப்போட முடியுமா?

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலும் மேலைநாடுகளில் 51 வயதை ஒட்டியும் மாதவிடாய் நிற்கிறது. எப்போது நிற்கும் என்பதில் மரபணுவுக்குக் கணிசமான பங்கு இருப்பதால், உங்கள் கவலை பொருளற்றதல்ல. ஒரு குறிப்பிட்ட உணவு அதைத் தள்ளிப்போடும் என்று நிறுவப்படவில்லை. முன்னதாக வரவழைப்பது எது என்பது மட்டும் தெளிவாகத் தெரியும்: புகைபிடிக்கும் பெண்களுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே நின்றுவிடுகிறது, ஏனெனில் புகையிலுள்ள வேதிப்பொருட்கள் உறங்கும் முட்டைப்பைகளையே நேரடியாக அழிக்கின்றன. வீட்டுக்குள் மற்றவர் விடும் புகையையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். நெல்லிக்காய் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. அம்மாவின் வயதைச் சொல்லி மகப்பேறு மருத்துவரிடம் இப்போதே பரிசோதனை செய்துகொள்வதும், திருமணம் தள்ளிப்போகிறதென்றால் கருமுட்டையை உறைய வைப்பது பற்றிக் கேட்பதும் உங்களுக்கு உண்மையில் பயன்படும்.

14. வீட்டுக்காரருக்கும் இதையெல்லாம் கொடுக்கலாமா?

உணவைக் கொடுங்கள். மாத்திரைக்கு எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை: துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் 2,370 தம்பதியரிடம் சோதிக்கப்பட்டதில் குழந்தைப்பேறு கூடவில்லை என்று 2020-இல் முடிவு வந்தது.

15. எனக்கு 38. ஆறு மாதம் இயற்கை உணவு மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் சிகிச்சைக்குப் போகலாமா?

வேண்டாம். 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்கவில்லையென்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதே வழிகாட்டுதல். நீங்கள் அந்த ஆறு மாதத்தை ஏற்கெனவே கடந்திருப்பீர்கள். மூன்றாம் பதிலில் சொன்ன குரோமோசோம் பிழை 38 வயதில் ஒவ்வோர் ஆண்டும் கூடுவது, உணவால் கிடைக்கக்கூடிய எந்த நன்மையையும் விடப் பெரியது. கொய்யாவும் கீரையும் சிகிச்சையோடு சேர்ந்தே நடக்கலாம். இந்தத் துறையில் ஆன்டிஆக்ஸிடன்ட் செய்யும் மிகப் பெரிய தீங்கு, கல்லீரலுக்கும் மேலாக, இப்படி நாட்களைத் தின்பதுதான் என்பது என் கருத்து.

16. முடி கொட்டுதுன்னு ஒரு ‘ஆன்டிஆக்ஸிடன்ட் காம்போ’ சாப்பிடறேன். ஹார்மோன் டெஸ்டுக்கு முன்னாடி நிறுத்தணுமா?

அதில் பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் இருந்தால், ஆம். மில்லிகிராம் கணக்கில் எடுக்கும் பயோட்டின், இரத்தப் பரிசோதனைக் கருவிகள் பலவற்றைக் குழப்பி, தைராய்டுக்காகப் பார்க்கும் டி.எஸ்.எச்., கர்ப்பத்தைக் காட்டும் எச்.சி.ஜி. ஆகியவற்றைக் குறைவாகவும், எஸ்ட்ராடியால், புரோஜெஸ்டெரோன் ஆகியவற்றைக் கூடுதலாகவும் காட்டச் செய்யலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் இது பற்றிப் பொது எச்சரிக்கை விடுத்தது. டப்பாவையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டி, எத்தனை நாட்களுக்கு முன் நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். கடைசியாகச் சாப்பிட்ட தேதியை இரத்தம் எடுக்கும் இடத்திலும் சொல்லிவிடுங்கள்.